ஆன்லைனில் உயர்கல்வி: பாடம் எது, சான்றிதழ் எது, பட்டம் எது?

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் உங்கள் போனைக் கவனித்துப் பாருங்கள். ரீல்ஸ் நடுவே ‘வேலை பார்த்துக்கொண்டே டிகிரி’ என்று விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் ‘இன்றைக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம்’ என்று ஒரு செய்தி வரும். அடுத்து ஒரு அழைப்பு. பேசுபவர் தன்னைக் ‘கல்வி ஆலோசகர்’ என்று அறிமுகப்படுத்திக்கொள்வார்.

அவர் சொல்வதில் சில விஷயங்கள் உண்மையாகவும் இருக்கும். வீட்டில் இருந்தபடியே முறையான பட்டம் வாங்க இன்றைக்கு வழி இருக்கிறது. ஐஐடி பேராசிரியர் நடத்தும் வகுப்பைக் காசில்லாமல் கேட்கலாம். ஆனால் அதே போனில், அதே மாதிரி பளிச்சென்ற பக்கத்தில், எந்த வேலைக்கும் செல்லாத காகிதத்தையும் விற்கிறார்கள். அதை நம்பிச் சேர்ந்தால் போவது பணம் மட்டும் இல்லை. மூன்று வருஷமும் சேர்ந்து போகும்.

ரெண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பாடத்தை யார் வேண்டுமானாலும் நடத்தலாம்; பட்டத்தைச் சட்டப்படி அதிகாரம் உள்ள நிறுவனம்தான் தர முடியும். இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தபாலில் வந்தது, இப்போது போனில் வருகிறது

வகுப்புக்குப் போகாமல் பட்டம் படிப்பது புதுசு இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம், அதாவது இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம், 1971-இல் ஆரம்பித்தது. 1985-இல் இக்னோ வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. உங்கள் வீட்டிலேயே அப்பாவோ சித்தியோ தபாலில் வந்த புத்தகத்தைப் படித்துப் பட்டம் வாங்கியிருக்கலாம்.

அன்றைக்குப் புத்தகம் தபாலில் வந்தது. தேர்வு ஒரு மையத்தில் நடந்தது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தந்தது. இன்றைக்குப் புத்தகத்தின் இடத்தில் வீடியோ, நேரலை வகுப்பு, வாராவாரம் இணையத்தில் செய்யும் பயிற்சி எல்லாம் வந்திருக்கின்றன. பாடம் வந்து சேரும் வழியைத் தொழில்நுட்பம் அடியோடு மாற்றிவிட்டது. தேர்வு வைத்துப் பட்டம் தரும் பொறுப்பு மட்டும் அன்றும் இன்றும் பல்கலைக்கழகத்திடம்தான்.

மூன்று படிகள்

ஆன்லைன் படிப்பு என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதல் படி, பாடம். யூடியூப் வீடியோவும் இலவச வகுப்பும் இதில் சேரும். அறிவு கிடைக்கும். படித்ததற்கு அத்தாட்சி கிடைக்காது.

இரண்டாம் படி, தேர்வுடன் கூடிய சான்றிதழ். ஒரு பாடத்தை முடித்து, தேர்வு எழுதித் தேறியதற்கான சான்று. உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டால் இது கிரெடிட்டாகவும் மாறும். கிரெடிட் என்பது பட்டத்துக்காக நீங்கள் சேர்க்கும் மதிப்பெண் அலகு.

மூன்றாம் படி, பட்டம். பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. போன்றவை.

ஏமாற்று வேலை பெரும்பாலும் இந்தப் படிகளைக் கலப்பதில்தான் நடக்கிறது. இரண்டாம் படிக்கான சான்றிதழை மூன்றாம் படி மாதிரி பேசி விற்பார்கள். ‘சர்ட்டிஃபிகேட் புரோகிராம்’, ‘எக்ஸிகியூட்டிவ் டிப்ளமோ’, ‘டிகிரிக்குச் சமம்’ என்ற சொற்கள் வந்தால் அங்கேயே நிறுத்தி, “இதில் எனக்குக் கிடைப்பது பட்டமா, சான்றிதழா?” என்று நேராகக் கேளுங்க. பதிலை எழுத்தில் வாங்குங்க.

இலவசமாகப் படிக்க: ஸ்வயமும் என்பிடிஇஎல்லும்

இரண்டாம் படிக்கு நம்பகமான இடம் ஒன்றிய அரசின் ஸ்வயம் தளம். 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்டது. பொறியியல், அறிவியல் பாடங்கள் பெரும்பாலும் என்பிடிஇஎல் வழியாக வருகின்றன. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் அது. பொறியியல் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பொருளாதாரம், மேலாண்மை, மொழி, உளவியல், ஆசிரியர் பயிற்சி என்று கலைப் பாடங்களும் ஸ்வயத்தில் நிறைய இருக்கின்றன.

என்பிடிஇஎல் பாடம் ஒன்று எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் மற்றதும் புரியும். ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். பாடங்கள் 4, 8, 12 வாரங்களுக்கு இருக்கும். சேருவதற்குக் கட்டணம் இல்லை. வாராவாரம் வீடியோவும் ஒரு அசைன்மென்ட்டும் வரும். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

மதிப்பெண் கணக்கு எளிது. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற அசைன்மென்ட்டில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 எடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது அசைன்மென்ட்டில்தான். ‘வீடியோ எல்லாம் பார்த்துட்டேன், தேர்வில் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டால் தேர்வில் நன்றாக எழுதினாலும் சான்றிதழ் கைக்கு வராது.

ஆங்கிலம் தடையாக இருக்கிறதா? என்பிடிஇஎல் பாடங்கள் பலவற்றின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். முதலில் தமிழ் உரையை வாசித்துவிட்டு, பிறகு ஆங்கில வீடியோவைப் பாருங்கள். கலைச்சொற்கள் காதில் நிற்கும்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு: கிரெடிட்டாக மாற்றுவது எப்படி?

நீங்கள் இப்போது கல்லூரியில் படிக்கிறீர்கள் என்றால் இந்தச் சான்றிதழ் பயோடேட்டாவில் ஒரு வரியாக மட்டும் நிற்க வேண்டியதில்லை. ஒரு செமஸ்டரில் ஒரு படிப்புக்கான பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெற யுஜிசியின் 2021 விதிமுறை இடம் தருகிறது. பொதுவாக 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரப் பாடத்துக்கு 2 கிரெடிட்.

ஆனால் எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவது என்பதை உங்கள் பல்கலைக்கழகமோ தன்னாட்சிக் கல்லூரியோதான் முடிவு செய்யும். அதனால் வரிசை முக்கியம். முதலில் துறைத்தலைவரிடம் கேளுங்கள். அனுமதி வாங்குங்கள். பிறகு பாடத்தில் சேருங்கள். படித்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் ‘இது நம்ம சிலபஸில் இல்லையே’ என்ற பதில் வரலாம். பல கல்லூரிகளில் என்பிடிஇஎல் உள்ளூர்க் கிளை இருக்கிறது. அதற்கென்று ஒரு பேராசிரியரும் பொறுப்பில் இருப்பார். அவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்டது. அதன் கீழ் வரும் திறன் பாடங்கள் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வருகின்றன. உங்கள் செமஸ்டரில் எந்தப் பாடம் என்பதைக் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளரிடம் தெரிந்துகொள்ளலாம். அதற்கென்று வெளியில் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்.

சேர்த்த கிரெடிட் எங்கே போய் நிற்கும்? அதற்காக 2021-இல் ஏபிசி என்ற கிரெடிட் வங்கி வந்தது. வங்கிக் கணக்கில் பணம் சேர்வது போல, நீங்கள் தேறிய பாடங்களின் கிரெடிட் உங்கள் பெயரில் சேரும். பொதுவாக 7 ஆண்டுகள் வரை செல்லும். குடும்பச் சூழலால் படிப்பை நடுவில் விட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். திரும்பி வந்து சேரும் நிறுவனம் ஏற்றுக்கொண்டால் படித்தது வீணாகாது. டிஜிலாக்கர் செயலியில் நுழைந்து உங்கள் கணக்கு எண்ணை உருவாக்கலாம். இப்போது இது அபார் என்ற பெயரில் 12 இலக்க எண்ணாக இருக்கிறது. ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இனிஷியல் வேறுபாடு சின்னதாகத் தெரியும், பிறகு இழுத்தடிக்கும்.

ஆன்லைன் பட்டம் செல்லுமா?

செல்லும். யுஜிசியின் 2020 விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அங்கீகாரம் பெற்ற படிப்பில் தரும் ஆன்லைன் பட்டமும் தொலைநிலைப் பட்டமும், நேரில் கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம். 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்கவும் யுஜிசி அனுமதித்திருக்கிறது. பகலில் கல்லூரியில் பி.எஸ்சி., கூடவே ஆன்லைனில் இன்னொரு பட்டம் என்று படிக்கலாம்.

ஆனால் எல்லாப் படிப்பையும் இப்படிப் படிக்க முடியாது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், பிசியோதெரபி, சட்டம், வேளாண்மை, கட்டடக்கலை, ஓட்டல் மேலாண்மை போன்றவற்றை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. காரணம் நமக்கே தெரியும். ஊசி போடுவதை வீடியோ பார்த்து மட்டும் கற்றவரிடம் நாம் கையை நீட்டுவோமா?

பிஎச்.டி.யையும் இப்படி வாங்க முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘ஆன்லைன் பிஎச்.டி.’ என்று கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் செய்யும் விளம்பரத்தை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022-லேயே எச்சரித்திருக்கின்றன.

ஐஐடி மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020-இல் தொடங்கியது. ஐஐடிகள் 1961-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை; பட்டம் தரும் அதிகாரம் அவற்றுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே வருகிறது. இந்தப் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வாராந்திரப் பயிற்சி இணையத்தில் நடக்கும். தேர்வுகளை மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நடுவில் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் இருக்கிறது.

அரசு வேலையைக் குறிவைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டம் அங்கே சிக்கலாகும். பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் தனித்தேர்வராக அதை முடித்துவிடுங்கள்.

அதேபோல, மகளுக்கு நேரடிக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும்போது ‘ஆன்லைனே போதும்’ என்று பெற்றோர் முடிவு செய்யும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்குப் பொருந்தாது. நூலகம், ஆய்வகம், விடுதி, தோழிகள், வளாக நேர்காணல் இவையும் கல்லூரியோடுதான் வரும். கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கு ஆன்லைன் ஒரு நல்ல வாசல். போக முடிகிறவர்கள் அதைக் கூடுதல் பாடமாக வைத்துக்கொள்வதே லாபம்.

பணம் கட்டும் முன் ஆறு சோதனைகள்

1. நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். யுஜிசி இணையதளத்தில் பல்கலைக்கழகங்களின் பட்டியல் இருக்கிறது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. இரண்டிலும் தேடுங்கள்.

2. படிப்பின் பெயரைப் பாருங்கள். பல்கலைக்கழகம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பருவத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் இதைப் பார்க்கலாம். போன வருஷம் அனுமதி இருந்தது என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சி ஆகாது.

3. டெப் ஐடி கேட்கிறார்களா என்று பாருங்கள். 2024-25 கல்வியாண்டு முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேரும் மாணவர்களுக்கு இந்த எண் கட்டாயம். ஏபிசி எண்ணை வைத்து யுஜிசி தளத்தில் நீங்களே உருவாக்க வேண்டும். ‘அதெல்லாம் வேண்டாம், நாங்க பார்த்துக்கறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

4. பணம் யாருக்குப் போகிறது? கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளம் வழியாக, பல்கலைக்கழகத்தின் கணக்குக்குப் போக வேண்டும். தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பட்டப்படிப்பை இன்னொரு நிறுவனத்திடம் ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்த யுஜிசி விதியில் இடம் இல்லை.

5. தவணை என்றால் யாருடைய தவணை? ‘மாசம் கொஞ்சம் கட்டினால் போதும்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது பல நேரம் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பத்திரம். படிப்பை நீங்கள் நிறுத்தினாலும் கடன் நிற்காது. ஓடிபி சொல்லும் முன் ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள்.

6. தேர்வு எங்கே, எப்படி? ‘தேர்வே கிடையாது’, ‘பழைய தேதியில் சான்றிதழ்’, ‘ஆறு மாசத்தில் மூன்று வருஷப் பட்டம்’ இவற்றில் எது காதில் விழுந்தாலும் அது பட்டம் இல்லை. போலிச் சான்றிதழை வேலைக்குக் கொடுத்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? இணைய மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. பல்கலைக்கழகம் உண்மையானது, ஆனால் கட்டணத்திலோ தேர்வு முடிவிலோ பிரச்சினை என்றால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்யலாம்.

சேர்வது சுலபம், முடிப்பதுதான் வேலை

ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களைப் பற்றிய ஒரு ஆய்வு 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2017-18-இல் பதிவு செய்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சான்றிதழுக்காகக் கட்டணம் கட்டிப் படித்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். பாடமும் ஆசிரியரும் ஒன்றுதான். ‘இதை முடித்தே ஆக வேண்டும்’ என்ற கட்டாயம் இருந்தவர்கள் அதிகம் முடித்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. பாடத்தில் சேர்ந்தவுடன் தேர்வுக்கும் பதிவு செய்துவிடுங்கள். தேர்வுத் தேதியைக் காலண்டரில் எழுதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்டுங்கள். ஒரு பருவத்தில் ஒரு பாடம் போதும். ஐந்தில் சேர்ந்து ஐந்தையும் விடுவதைவிட அது மேல். தினமும் ஒரே நேரத்தில் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். வீடியோவின் தெளிவைக் குறைத்தால் டேட்டா மிச்சமாகும். வைஃபை கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்தால் இன்னும் நல்லது. நோட்டில் கையால் எழுதுங்கள். போனில் பார்த்தது போனோடு போய்விடும்.

கூட ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் ‘அசைன்மென்ட் முடிச்சியா?’ என்று கேட்பாரே, அந்தக் கேள்வியைச் செயலி கேட்பதைவிட ஆள் கேட்டால்தான் நமக்கு உறைக்கும்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். டிஜிலாக்கரைத் திறந்து உங்கள் ஏபிசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உருவாக்குங்கள். பிறகு ஸ்வயம் தளத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு பாடத்தின் முதல் வாரத்தைப் பார்த்துவிடுங்கள். ஆன்லைன் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அடுத்த முறை ‘கல்வி ஆலோசகர்’ அழைத்தால், மேலே உள்ள ஆறு கேள்விகளையும் அவரிடம் கேளுங்க. உண்மையானவராக இருந்தால் பொறுமையாகப் பதில் சொல்வார்.